கலாம் நினைவிடமும் குடியரசுத் தலைவர் நூலகங்களும்: ஒரு பார்வை

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் தேசிய நினைவிடம், ராமநாதபுரம் மாவட்டம் ராமேஸ்வரம் தீவிலுள்ள பேக்கரும்பில் அமைந்துள்ளது. 2015 ஜூலை 27-ம் தேதி ஷில்லாங்கில் காலமான அவரது உடல், ஜூலை 30-ம் தேதி இங்கு நல்லடக்கம் செய்யப்பட்டது.

நினைவிடத்தைப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பு (டிஆர்டிஓ) கட்டியது. 2016-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2017 ஜூலை 27-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடியால் திறந்து வைக்கப்பட்டது. முகப்பு இந்தியா கேட்டையும், குவிமாடம் குடியரசுத் தலைவர் மாளிகையையும் ஒத்திருக்கின்றன. ராக்கெட், ஏவுகணை மாதிரிகள், ஓவியங்கள், கலாம் பயன்படுத்திய பொருள்கள் ஆகியவை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. நூலகமும் கோளரங்கமும் அடுத்தகட்டப் பணிகளாகத் திட்டமிடப்பட்டன.

டெல்லி ராஜாஜி மார்க்கில் அவர் வசித்த அரசு இல்லத்தை அறிவு மையமாக்க வேண்டும் என்ற கோரிக்கை 2015-ல் எழுந்தது. எனினும், அந்த இல்லம் மத்திய அமைச்சர் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. 2016 ஜூலையில் டெல்லி அரசு, ஐஎன்ஏ பகுதியிலுள்ள டில்லி ஹாட் வளாகத்தில் தனியாக ஒரு நினைவகத்தைத் திறந்தது.

அமெரிக்காவில் இதற்கெனச் சட்டங்கள் உள்ளன. அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், தமது சொந்த ஊரான ஹைட் பார்க்கில் குடும்ப நிலத்தில் அமைத்த நூலகம் 1941-ல் திறக்கப்பட்டது. தனியார் நிதியில் கட்டப்படும் இத்தகைய நூலகங்களைத் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்று நிர்வகிக்க 1955-ம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. அதிபரின் அலுவல் ஆவணங்களை 1978-ம் ஆண்டுச் சட்டம் அரசுடைமையாக்கியது.

இந்தியாவில் அரசு ஆவணங்களுக்கு 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் பொருந்தும். குடியரசுத் தலைவர் நூலகங்களுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனவே, பதவிக்காலம் முடிந்தபின் ஒருவரின் தனிப்பட்ட நூல்களும் கடிதங்களும் எங்கு பாதுகாக்கப்படும் என்பது, குடும்பத்தினரும் அரசும் எடுக்கும் முடிவைப் பொறுத்தே அமைகிறது.