ஆளுக்கு ஏற்ற மட்டை

போன வாரம் பேரன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். "தாத்தா, நம்ம அளவு சொல்லி அனுப்பினா அப்படியே பேட் செஞ்சு தராங்களாம். ஓரம் தடியா, மூணு பவுண்டு எடையில சொல்லப் போறேன்" என்றான். அவனுக்கு வயது 14. ஏன் மூன்று பவுண்டு என்று கேட்டேன். "சச்சின் பேட் அவ்வளவு கனம்!" என்றான். சுருக்கென்றது. நாற்பது வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு.

தன் ஆட்டத்துக்கு வசதியாக மட்டை செய்துகொள்வது கிரிக்கெட்டில் புதிதல்ல. ஆதியில் மட்டை ஹாக்கி மட்டையைப் போல அடியில் வளைந்திருந்தது. அன்று பந்தைத் தரையோடு உருட்டித்தான் போட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பந்தைத் தரையில் குத்தி எழும்பும்படி வீசத் தொடங்கியதும் வளைந்த மட்டை உதவாமல் போனது. நேரான மட்டை வந்தது.

1771 செப்டம்பரில் செர்ட்ஸி அணிக்கும் ஹாம்பிள்டன் அணிக்கும் நடந்த ஆட்டத்தில் தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்புகளை முழுக்க மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையோடு வந்து நின்றார். அன்று அகலத்துக்கு விதி கிடையாது. ஹாம்பிள்டன்காரர்கள் ஆட்சேபம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். அதில் ஒருவர் ஜான் ஸ்மால். பேர்போன ஆட்டக்காரர், மட்டை செய்வதும் அவர் தொழில். மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று முடிவாயிற்று. அளந்து பார்க்க ஒரு இரும்புச் சட்டமே செய்து வைத்திருந்தார்கள். இருநூற்றைம்பது வருடமாகியும் அந்த நாலேகால் அங்குலம் மாறவில்லை. 1835இல் நீளத்துக்கு 38 அங்குலம் என்று வரம்பு வந்தது. 1979இல் பெர்த் மைதானத்தில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கிய பிறகு, அடிக்கும் பாகம் மரமாகவே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2017இல் ஓரத்துக்கு 40 மில்லிமீட்டர், மொத்தத் தடிமனுக்கு 67 மில்லிமீட்டர் என்று கட்டினார்கள். எடைக்கு மட்டும் இன்றுவரை விதி இல்லை. அது அவரவர் புத்திக்கு விட்டது.

அந்தப் புத்திதான் எனக்கு இல்லாமல் போனது. 1984இல் வேலை மாற்றலில் மீரட் போனேன். பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த விளையாட்டுச் சாமான் தொழிலாளர்கள் பலர் குடியேறிய ஊர் அது. சூரஜ்குண்ட் சாலைப் பக்கம் போனால் மரம் சீவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அலுவலக அணிக்கு ஆடிய நான் ஒரு பட்டறையில் நுழைந்து, கிளைவ் லாயிட் வைத்திருப்பதுபோல மூன்று பவுண்டில் ஒரு மட்டை வேண்டும் என்றேன்.

அங்கிருந்த பெரியவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு பழைய மட்டையைக் கையில் கொடுத்து, நின்று காட்டச் சொன்னார். முன்காலில் ஆடுவீர்களா, பின்காலிலா? விரிப்பு போட்ட ஆடுகளமா, மண்ணா? பந்து எழும்பும் இடத்தில் மட்டையின் சதை கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். தாழ்ந்து வரும் மண் தரைக்கு அடியில் இருக்க வேண்டும் என்றார். கடைசியில் மேல் கையால் மட்டும் மட்டையை ஓங்கச் சொன்னார். என் மணிக்கட்டு தொங்கியது. "பாபுஜி, உங்களுக்கு இரண்டு பவுண்டு ஏழு அவுன்ஸ் போதும்" என்றார் இந்தியில்.

நான் கேட்கவில்லை. கேட்டபடியே செய்து கொடுத்தார். அந்த சீசன் முழுக்க பந்து ஸ்டம்பைத் தட்டிய பிறகுதான் என் மட்டை கீழே வந்து சேரும். என் பலமே பின்காலில் நின்று கட் அடிப்பதுதான்; அதுவே மறந்துபோனது. இரண்டாம் வருடம் அணியில் எனக்கு இடமில்லை. மீண்டும் அந்தப் பெரியவரிடம் போக வெட்கமாக இருந்தது. போகவே இல்லை.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். கட், புல் அடிப்பதில் மன்னரான பிராட்மன் வைத்திருந்தது சுமார் 2 பவுண்டு 2 அவுன்ஸ் மட்டை. சச்சினுக்குக் கனமான மட்டை சிறு வயதிலிருந்தே பழக்கம். அதைக் கைப்பிடியின் அடியில் பிடித்தார். லேசான மட்டையை முயன்று பார்த்தும் அவருக்கு ஒத்துவரவில்லை. இருவரும் அடுத்தவரைப் பார்த்து எடை போடவில்லை.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான், பாதி கைபேசி. பிறகு கடைக்குக் கூட்டிப் போய் மூன்று பவுண்டு மட்டை ஒன்றை மேல் கையால் ஓங்கச் சொன்னேன். மணிக்கட்டு தொங்கியது. அடுத்து, அவன் உயரத்துக்கான ஹாரோ அளவில் இரண்டு பவுண்டு ஆறு அவுன்ஸ் மட்டையைக் கொடுத்தேன். இரண்டு முறை ஓங்கினான். மூன்றாம் முறை, கடை என்பதையும் மறந்து, ஒரு கட் அடித்தான்.

என்னைப் போலவே பின்காலில்தான் நிற்கிறான்.