வேனில் ஸ்டெப்னி மாற்றுதல்

வழியில் பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி, வண்டியிலேயே இருக்கும் மாற்றுச் சக்கரத்தைப் பூட்டும் வேலை. ‘டயர் மாற்றுவது’ என்று பேச்சில் சொன்னாலும், ரிம்மோடு சேர்ந்து முழுச் சக்கரமும்தான் மாறுகிறது. ஸ்டெப்னி என்பது வேல்ஸில் லானெத்லி ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் அங்கே உருவாக்கிய ஆரமில்லாத வளையச் சக்கரத்தை, பஞ்சரான சக்கரத்தோடு கவ்வ வைத்து ஓட்டினார்கள். அந்தப் பொருள் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. இந்திய ஒர்க்‌ஷாப்புகளில் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வேலையில் கடினம் நட்டைக் கழற்றுவதில் இல்லை. வண்டியை நகராமல் நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஆம்னி, ஈக்கோ, டிராவலர் எல்லாம் பின்சக்கரத்தால் இயங்குபவை. கியரில் போட்டுவிட்டோமே என்று பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், டிஃபரென்ஷியல் தூக்கிய சக்கரத்தைச் சுற்றவிட்டுத் தரையிலிருக்கும் சக்கரத்தின் பிடியைத் தளர்த்திவிடும். கியர் இருந்தும் இல்லாத கதைதான். ஆகவே கை பிரேக்கை இழுத்து, தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையிலுள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். ஓரத்து மண்ணில் ஜாக்கியின் அடி புதையும். கீழே ஒரு பலகைத் துண்டு வைப்பது வழக்கம்.

சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரமும் கூடவே சுற்றும், வண்டியும் ஜாக்கியில் ஆடும். பல வேன்களில் ஸ்டெப்னி அடிப்பக்கம் தொங்குவதால் சேறு படிந்து, தாங்கி துருப்பிடித்து இறங்க மறுக்கும். அதைவிடப் பெரிய ஏமாற்றம், இறக்கிய ஸ்டெப்னியில் காற்றே இல்லாதது. நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பிடிப்பவர்கள் ஐந்தாவதை மறப்பது ஊரறிந்த வழக்கம். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டால், ஜாக்கி வழுக்கினாலும் வண்டி அதன்மேல் உட்காரும்.

பூட்டும்போது நட்டின் கூம்பு முனை ரிம்மைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் கையால் ஏற்றி, பிறகு எதிரெதிராக இறுக்குவார்கள். வரிசையாக முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். கடைசி முறுக்கு, வண்டியை இறக்கிய பின்னர்.

இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் வேனில் வலப்பக்கச் சக்கரம்தான் ஆபத்து: குந்தியிருப்பவரின் முதுகுக்குப் பின்னால் லாரிகள் போகும். முடிந்தவரை சாலையை விட்டு உள்ளே தள்ளி நிறுத்துவது நல்லது. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைத்தால் உதவி கிடைக்கும். எச்சரிக்கை முக்கோணம் இல்லாதவர்கள் மரக்கிளையும் கல்லும் வைப்பார்கள். கிளம்பும் அவசரத்தில் அதை அப்படியே விட்டுப்போனால், இருட்டில் வரும் இருசக்கர வண்டிக்காரர் அதில் ஏறிக் கவிழ்வார். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பார்ப்பது ஓட்டுநர்களின் பழக்கம்.