தண்டவாளத்தில் வந்த பந்தய வண்டி

பம்பாயில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின்மீது பித்துக் கொண்டுவிட்ட ஒருவன், தேசிய அளவிலான போட்டியில் முதன்முதலாகக் கலந்துகொள்ளத் தீர்மானித்தானானால், பந்தய மைதானத்தைக் காண்பதற்கு வெகு முன்னதாகவே ரயில்வே பார்சல் ஆபீசின் வாசலைக் கண்டாக வேண்டியிருந்தது. டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் தங்காதபடி வடித்துவிட்டு, வண்டியைச் சாக்கால் இறுகச் சுற்றி, சேருமிடத்தின் பெயரை மையால் கொட்டை எழுத்தில் எழுதி, பிரேக் வானில் ஏற்றிவிட்டால், புனா, ஷோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல், அரக்கோணம் என்று சென்னை வரையில் ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர் தூரத்தை அந்த அதிவேக யந்திரம் மூட்டையாகக் கிடந்தபடியே கடந்துவிடும். 1871-இல் ராய்ச்சூரில் இருபுறத்துத் தண்டவாளங்களும் சந்தித்தது முதல், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் சாலைகளுக்கும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாட்டுங்காவின் வாடகை வீடுகளுக்கும் தமிழர்களைக் கொண்டுவந்து சேர்த்த அதே பாதையில், அவர்களுடைய பேரன் ஒருவன் வண்டியோடு எதிர்த்திசையில் போவதை ஒரு விசித்திரம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பம்பாய் போன்ற இவ்வளவு பெரிய நகரத்தில் பந்தயத்திற்கு ஓர் இடம் இல்லையா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. 1928-இல் ஏற்பட்ட ஜுஹு விமானத்தளம், 1932-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளோடு வந்திறங்கிய தளம் என்றே சரித்திரத்தில் பிரசித்தமானது. அந்தத் தபால் அங்கிருந்து சென்னைக்குத்தான் பறந்து சென்றது. பிற்காலத்தில் அந்த ஓடுதளத்தில் மோட்டார்ப் பந்தயங்களும் நடைபெற்றன. ஆனால் கடலுக்கும் கழிமுகத்துக்கும் இடையே நெருக்குண்ட அந்நகரம், ஒரு சாண் நிலத்திற்கும் விலை சொல்லத் தொடங்கிய பிறகு, வட்டமாகச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும் ஒரு காரியத்திற்காக நிலத்தை விட்டுவைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

நிலமோ சட்டமோ ஒத்துழைக்காத இடத்தில் வேகம் வேறு ஊர் தேடிப் போவது உலகெங்கும் நடந்த கதைதான். இங்கிலாந்தில் பொதுச் சாலைகளில் பந்தயம் கூடாது என்று தடை இருந்தபடியால் அல்லவா, 1907-இல் மோட்டார் சைக்கிள்காரர்கள் கடல் கடந்து ஐல் ஆஃப் மேன் தீவுக்குச் சென்று அங்கே தங்கள் போட்டியை நிலைநாட்டினார்கள்! பம்பாயில் அவ்வாறு வெளியூர் போக வசதியற்ற இளைஞர்கள், நள்ளிரவில் பாந்த்ரா ரெக்ளமேஷன் சாலையில் ஒருவரையொருவர் துரத்தி, போலீசாரிடம் வண்டியையும் சில வேளை ஆஸ்பத்திரியில் காலையும் பறிகொடுத்தார்கள். 2013-இல் செம்பூரிலிருந்து தென் பம்பாய்க்குக் கிழக்கு விரைவுச்சாலை திறக்கப்பட்டபோதோ, இரு சக்கர வண்டிகளுக்கு அதில் அனுமதியே இல்லை. செம்பூர்க்காரன் தன் வீட்டு வாசலில் எழும்பிய அந்தச் சாலையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னைக்கு மட்டும் இந்த அதிர்ஷ்டம் எப்படி வாய்த்தது? இரண்டாம் உலக யுத்தம் விட்டுச் சென்ற ஓர் ஓடுதளம், சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் சும்மா கிடந்தது. இங்கிலாந்தில் யுத்தகால விமானத்தளமான சில்வர்ஸ்டோன் 1948-இல் பந்தயக் களமானது போலவே, 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் முயற்சியால் சோழவரமும் களமாயிற்று. போர் விமானங்களுக்காக அவசரமாகப் பரப்பப்பட்ட அந்தத் தளத்திற்கு ஆண்டுதோறும் பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோயம்புத்தூர் வண்டிகள் வந்து குவிந்தன. சென்னைவாசிகளும் கட்டுச்சோற்றோடு போய் வெயிலில் நின்று பார்த்தார்கள். 1971-இல் இத்தகைய கிளப்புகளுக்கெல்லாம் ஒரு தேசிய சம்மேளனமும் ஏற்பட்டது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே அமைத்த 3.7 கிலோமீட்டர்ப் பாதை திறக்கப்பட்டதும் சோழவரத்தின் சகாப்தம் முடிந்தது.

பந்தயம் சென்னையில் வேரூன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பம்பாயின் பாண்டுப்பில் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் கம்பெனி லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் செய்துகொண்டிருக்க (அதன் உரிமையாளரோ, சென்னைச் சேப்பாக்கம் மைதானத்திற்குப் பெயர் தந்த எம். ஏ. சிதம்பரம் என்பது வேடிக்கை), சென்னையில் 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் உருவாயிற்று. ஸ்கூட்டர் கிருகஸ்தனின் வாகனம். கறிகாய்ப் பைக்கும் குழந்தைக்கும் இடம் தருவது. இறக்குமதி அடைபட்டிருந்த அந்நாட்களில் பந்தயக்காரன் உள்நாட்டு வண்டியைத்தான் அரத்தால் ராவி வேகப்படுத்த வேண்டும். 1983-இல் ராஜ்தூத் 350-உம், 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் வந்த பிறகே, துள்ளும் யந்திரம் ஒன்று கிடைத்தது எனலாம். பம்பாய்க்காரனுக்கு இதில் ஓர் இயற்கை அனுகூலம் உண்டு. பெங்களூர் கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்று மெலிது. அங்கே சரிபார்த்த கார்புரேட்டரை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பம்பாயும் சென்னையும் கடலோரமாதலால் பம்பாய்க்காரன் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை அதிகம் மாற்ற வேண்டியதில்லை. ஆயினும் பிளக்கைக் கழற்றி, அதன் நிறம் காப்பிப் பொடியைப் போலிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளாமல் எந்தப் பந்தயக்காரனும் நிம்மதியாக உறங்கியதில்லை.

பந்தயக் களத்தில் முதல் நாள் நடக்கும் வண்டிச் சோதனையில்தான், பம்பாயிலிருந்து வந்தவனுடைய கர்வத்திற்கு முதல் அடி விழுகிறது. எஞ்சின் ஆயில் போல்ட்டுக்குக் கம்பி கட்டியிருக்கிறதா, ஹெல்மெட்டில் கீறல் உண்டா என்று பார்த்துக்கொண்டே வரும் அதிகாரி, தாராவியின் தோல் கடையில் ஆசையோடு வாங்கிய கோட்டைத் தொட்டுப் பார்த்துப் புன்னகை புரிகிறார். அழகிய கோட்டுதான், ஆனால் தார்ச்சாலையில் உராய்ந்து வழுக்கும்போது தாங்குவதற்கு, உடல் முழுவதையும் மூடிய கனத்த தோலும், முழங்காலிலும் முதுகிலும் காப்புகளும் வேண்டும். யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு, தொளதொளத்த அந்த உடையில் தகுதிச் சுற்றுக்குப் போகிறான். பம்பாயின் சயான் சர்க்கிளில் பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் நடுவே நூலிழையில் புகுந்து வெளிவந்த சாமர்த்தியம் இங்கே செல்லாக்காசாகிறது. நகரத்தில் பிரேக்கு நிற்பதற்காக. இங்கேயோ அது திரும்புவதற்காக. எதிரே வருவோர் இல்லை, குழி இல்லை, மாடு இல்லை. ஆகவே தாமதித்ததற்குச் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. நீலக் கொடி அசைவதைக் கண்டு, யாருக்கோ என்று எண்ணுகிறான். வேகம் மிக்கவன் ஒருவன் பின்னால் வருகிறான், வழிவிடு என்று தனக்கே சொல்லப்படுகிறது என்பது, அந்த மற்றவன் முழங்கால் தரையில் உரசத் தன்னைக் கடந்து மறைந்த பிறகுதான் விளங்குகிறது.

போட்டியாளர் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே 'மும்பை' என்று இருக்கிறது. பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் முதலில் இந்தியில் பேசிப் பார்த்து, இவன் ஸ்பானர் நழுவிக் காலில் விழுந்தபோது வாயில் வந்த சொல்லைக் கேட்டுவிட்டு, "அட, நீங்க தமிழா? முன்னாடியே சொல்லக்கூடாதா தம்பி? முதல் வளைவுல மணல் கிடக்கு, பாத்துப் போங்க," என்கிறார்.

பந்தயத்தில் அவன் கடைசிக்கு முந்தியவனாக வருகிறான். முடிவுக் கோட்டைத் தாண்டிய பின்னும், சதுரக் கட்டக் கொடியைப் பார்த்தோமா இல்லையா என்ற ஐயத்தில் இன்னொரு சுற்றை முழு வேகத்தில் ஓட்டுகிறான். அதுவே அன்றைக்கு அவன் ஓட்டிய மிகச் சிறந்த சுற்று என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஆனால் அதை யாரும் கணக்கெடுக்கவில்லை. மறுநாள் காலையில், டாங்கில் மிஞ்சிய பெட்ரோலை அந்த மெக்கானிக்கின் கேனில் வடித்துக் கொடுத்துவிட்டு, வந்த சாக்கு எங்கே கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறான்.