ககேய்போ: ஜப்பானிய வீட்டுக் கணக்கேட்டின் வரலாறு

வீட்டு வரவு செலவை எழுதி வைக்கும் ஏட்டை ஜப்பானியர் ககேய்போ என்கிறார்கள். இன்று புழக்கத்தில் உள்ள வடிவத்தில் அதை அச்சிட்டு 1904ஆம் ஆண்டு வெளியிட்டவர் ஹானி மோட்டோகோ என்ற பத்திரிகையாளர். வீட்டுக் கணக்கு எழுதும் வழக்கம் அவருக்கு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது. செலவு நடந்து முடிந்தபின் எழுதும் கணக்காக இருந்ததை, செலவுக்கு முன்பே போடும் திட்டமாக மாற்றியதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

பழைய வழக்கத்துக்குக் கனசவா நகரத்து இனோயாமா குடும்பம் நல்ல சான்று. காகா சிற்றரசில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கர் வேலை பார்த்த சாமுராய்கள் இவர்கள். 1842 முதல் 1879 வரை இவர்கள் எழுதிய வீட்டுக் கணக்கு பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைக்க, வரலாற்றாசிரியர் இசோதா மிச்சிஃபுமி அதை ஆராய்ந்து 2003இல் நூலாக வெளியிட்டார். கணக்கு தொடங்கியபோது குடும்பத்தின் கடன் ஆண்டு வருமானத்தைப் போல இரண்டு மடங்கு. அந்தஸ்துக்கான செலவுகளே அதற்குப் பெருங்காரணம்: உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் சீர், சடங்குகள், வேலையாட்கள், வந்தவர்க்கெல்லாம் கொடுக்க வேண்டிய வெகுமதி. எதையும் விட்டால் கௌரவக் குறைவு. கடைசியில் பட்டாடை, தேநீர்ச் சடங்குப் பாத்திரங்கள், புத்தகங்கள் வரை விற்றுக் கடனில் ஒரு பகுதியைக் கட்டினார்கள். மீதிக்கு வட்டியில்லாத் தவணை கேட்டு வாங்கினார்கள். பிள்ளையின் சடங்கு விருந்தில் மீன் வைக்க வேண்டிய இடத்தில் மீனின் ஓவியத்தை வைத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு காசும் ஏட்டில் ஏறியது. சாமுராய் ஆட்சி போனபின் இந்தக் கணக்குத் திறமைதான் குடும்பத்து வாரிசுக்குப் புதிய கடற்படையின் கணக்குப் பிரிவில் வேலை வாங்கித் தந்தது.

1876இல் சாமுராய்களின் பரம்பரை மானியம் கடன் பத்திரமாக மாற்றப்பட்டு நின்றுபோனது. அரசு அலுவலகங்களும் வங்கிகளும் தொழிற்சாலைகளும் பெருக, மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் நகரங்களில் பெருகின. கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும் வாழும் சிறிய வீட்டில் பணத்தை ஆள்வது மனைவியின் பொறுப்பாயிற்று. ஆனால் கிராமத்து வீட்டில் மாமியாரிடமிருந்து கற்றது இங்கே போதவில்லை. நெல்லும் காய்கறியும் விளையாத இடத்தில் எல்லாவற்றையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும். அந்தக் காசும் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும்.

ஹானி மோட்டோகோ 1873இல் வட ஜப்பானின் ஹச்சினோஹே ஊரில் சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவில் படித்து, ஹோச்சி செய்தித்தாளில் பிழைதிருத்துநராகச் சேர்ந்து, பின் நிருபரானார். அந்நாட்டின் முதல் பெண் நிருபர் என்று பெரும்பாலும் அவரையே குறிப்பிடுகிறார்கள். முதல் மணம் முறிந்தது. 1901இல் சக பத்திரிகையாளர் ஹானி யோஷிகாசுவை மணந்தார். 1903இல் இருவரும் தொடங்கிய குடும்ப இதழ் 1908 முதல் ஃபுஜின் நோ தோமோ என்ற பெயரில் வருகிறது. ரஷ்யாவுடன் போர் மூண்டு வரிகள் ஏறிய 1904ஆம் ஆண்டில்தான் ககேய்போவும் வெளிவந்தது.

ஹானியின் முறையில் ஆண்டு தொடங்கும் முன்பே வருமானத்தைக் கணக்கிட்டு, வரியையும் சேமிப்பையும் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். எஞ்சியதுதான் குடும்பம் நடத்தும் பணம். உணவு, வீடு, விளக்கும் எரிபொருளும், உடை, கல்வி, உறவு நட்புச் செலவு எனத் தலைப்புகளுக்கு அதைப் பங்கிட வேண்டும். பொதுக் காரியங்களுக்கும் தனித் தலைப்பு உண்டு. கிறித்தவரான ஹானி, அண்டை அயலுக்குப் பயன்படாத சிக்கனத்தைச் சிக்கனமாகவே கருதவில்லை.

இதில் மிகவும் நுட்பமானது உணவுக் கணக்கு. அரிசி போன்ற முதன்மை உணவு தனி. காய்கறி, மீன் போன்றவை தனி. நாள்தோறும் ஏறி இறங்குவது இரண்டாவதுதான் என்பதால் அதன் ஒதுக்கீட்டை நாள்வாரியாகப் பிரிக்கிறார்கள். மாதத்துக்கு 60,000 யென் என்றால் நாளுக்கு 2,000. முதல் நாள் 1,500 செலவானால் மிச்சமுள்ள 500 மறுநாள் பங்கோடு சேர்கிறது. இரண்டாம் நாள் 1,800 செலவு, கையில் 700. மூன்றாம் நாள் விருந்தாளி வந்து 4,700 ஆகிவிட்டால் 2,000 யென் துண்டு விழுவது அன்று இரவே ஏட்டில் தெரியும். அதைச் சரிக்கட்ட இன்னும் ஏறக்குறைய நான்கு வாரம் இருக்கிறது. மாதக் கடைசியில் தெரிந்தால் கடன் வாங்குவதைத் தவிர வழியில்லை. விருந்தைத் தடுக்காமல் அதற்கு ஈடு செய்யக் கால அவகாசம் தருவதாலேயே இந்த முறை நடைமுறைக்கு ஒத்துவந்தது.

ஏடு வாங்கிய எல்லோரும் தொடர்ந்து எழுதிவிடுவதில்லை. இதற்கு விடையாக அமைந்தது கூட்டு முயற்சி. இதழின் வாசகிகள் 1930இல் தோமோ நோ காய் என்ற நாடளாவிய சங்கமாகத் திரண்டார்கள். உறுப்பினர்கள் பக்கத்துப் பகுதிக் குழுக்களாகக் கூடி, ஏடுகளை ஒப்பிட்டு, ஒத்த வருமானமுள்ள குடும்பங்களின் சராசரியைத் தொகுத்துக்கொண்டார்கள். தன் வீட்டில் மளிகைக்கு ஏன் இவ்வளவு ஆகிறது என்ற கேள்விக்குத் தனியாக உட்கார்ந்து விடை காண்பது கடினம். அதே சம்பளத்தில் வாழும் இன்னொருத்தியின் ஏடு உடனே காட்டிவிடும்.

அரசும் இந்த ஏட்டைப் பயன்படுத்திக்கொண்டது, எப்போதும் நல்லதற்காக அல்ல. சீனாவுடன் போர் நடந்த 1938 முதல் மக்கள் சேமிப்பு இயக்கம் வீடுகளைக் கசக்கிப் பிழிந்தது. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் போர்க்கடன் பத்திரங்களுக்குப் போயிற்று; தோல்விக்குப் பின் வந்த பணவீக்கம் அதன் மதிப்பை அழித்துவிட்டது. ஒழுங்காகக் கணக்கு எழுதிய குடும்பங்களுக்கே பெரிய இழப்பு. இருந்தும் 1952இல் ஜப்பான் வங்கியின் ஆதரவில் சேமிப்பு வளர்ச்சிக்கான மையக் குழு அமைந்தபோது அதுவும் ககேய்போவையே கையில் எடுத்தது. மகளிர் இதழ்கள் புத்தாண்டு இதழோடு ஏட்டை இணைப்பாகத் தந்தன. 1970களின் நடுவில் குடும்பங்களின் சேமிப்பு விகிதம் 20 சதவீதத்தைத் தாண்டியது. வேகமாக ஏறிய வருமானம், ஆண்டுக்கு இருமுறை போனஸ், சிறுசேமிப்புக்கு வரிவிலக்கு, போதாத ஓய்வூதியம் ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. ஏட்டுக்கு மட்டும் புகழைத் தருவது நியாயமாகாது.

அரசின் குடும்ப வரவு செலவுக் கணக்கெடுப்பும் இதே பழக்கத்தின் மீதே நிற்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட சுமார் 9,000 குடும்பங்கள் அன்றாடச் செலவை எழுதித் தருகின்றன: ஒருவருக்கு மேல் உள்ள குடும்பம் ஆறு மாதம், தனியாக வாழ்பவர் மூன்று மாதம்.

2017இல் ஃபுமிகோ சிபாவின் ஆங்கில நூல் வந்தபின் ககேய்போ மேற்கத்திய நாடுகளிலும் பரவியது. ஆனால் அங்கே போனது பெரும்பாலும் தனி ஆளின் குறிப்பேடுதான். ஒத்த குடும்பங்கள் கூடி ஏடுகளை ஒப்பிடும் வழக்கம் அதனுடன் போகவில்லை. ஜப்பானிலோ வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசிச் செயலிகள் செலவைத் தாமே பதிந்துகொள்கின்றன. ஹானி 1957இல் காலமானார். அவருடைய ஏடு இன்றும் ஆண்டுதோறும் அச்சாகிறது. தோமோ நோ காய் உறுப்பினர்கள் அதை எழுதக் கற்றுத்தரும் வகுப்புகளைப் பல ஊர்களிலும் நடத்திவருகிறார்கள்.