தேயிலை இயந்திரங்களும் தொழிலாளர் கரங்களும்

மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை உலர்த்துவதற்குப் பல தலைமுறைகளாகப் பயன்பட்ட இயந்திரங்களுள் 'சிரொக்கோ' குறிப்பிடத்தக்கதாகும். வட ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் வெப்பக்காற்றின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. கிழக்குத் திசையைக் குறிக்கும் 'ஷர்க்' என்ற அரபுச் சொல்லே இப்பெயரின் மூலம் என்று கருதப்படுகின்றது.

இதனை உருவாக்கியவர் 1846 ஆம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்த சாமுவேல் டேவிட்சன். 1864 ஆம் ஆண்டு அசாமின் கச்சார் பகுதித் தேயிலைத் தோட்டத்திற்கு வந்த அவர், கரி நெருப்பின் மேல் கையால் தேயிலையை உலர்த்தும் முறையைக் கண்டார். அதற்கு நேரமும் உழைப்பும் பெருமளவில் தேவைப்பட்டன. சூடாக்கிய காற்றை இலைகளினூடே செலுத்தும் இயந்திரத்தை வடிவமைத்த அவர், 1881 இல் பெல்பாஸ்ட் நகரில் தமது ஆலையை நிறுவினார். அந்த ஆலையின் காற்றாடிகள் பிற்காலத்தில் கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றளித்தன. ஆலை இன்று இல்லை.

இலங்கையிலோ, 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1872 இல் இலை உருட்டும் இயந்திரமொன்றை அமைத்தார். 1869 முதல் பரவிய நோய் கோப்பிச் செய்கையை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884 இல் ஹட்டனுக்குப் புகையிரதம் வந்தது. பாரமான இயந்திரங்களை மலைக்கு ஏற்றவும் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்கு இறக்கவும் அது வழிசெய்தது. 1854 இல் ஜோன் வோக்கர் ஆரம்பித்த நிறுவனமும், கொழும்பு கொமர்ஷல் கம்பனியும் உள்நாட்டிலேயே தேயிலை இயந்திரங்களைத் தயாரித்து வழங்கின.

உருட்டுதல், உலர்த்துதல், சலித்துத் தரம்பிரித்தல் ஆகியன இவ்வாறு இயந்திரங்களின் வசமாயின. ஆனால் கொழுந்து பறித்தல் மட்டும் நூறாண்டுக்கு மேலாகக் கைகளிடமே தங்கியிருந்தது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை. அந்தச் சுமையைக் கூடையில் தாங்கியவர்கள் எமது பெண்களே. டேவிட்சனின் பெயர் நூல்களில் நிலைத்திருக்கிறது. அவர்களின் பெயர்களோ செக்ரோல் ஏடுகளுக்கு அப்பால் செல்லவில்லை.

இன்று ஆட்பற்றாக்குறையால் கத்தரிகளும் கையில் ஏந்தும் பறிக்கும் இயந்திரங்களும் மலைச்சரிவுகளுக்கு வந்துள்ளன. இயந்திரத்தை எதிர்ப்பது எமது நோக்கமன்று. அது தொழிலாளியின் முதுகுச் சுமையைக் குறைக்குமாயின் வரவேற்கத்தக்கதே. ஆனால் நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கிலோவை மட்டும் உயர்த்தி, ஊதியத்தை அதே இடத்தில் நிறுத்துமாயின், அதன் பயன் யாரைச் சேர்கிறது என்று கேட்பது எமது கடமையாகும். இயந்திரத்தை வாங்க முன்னரே அக்கேள்விக்கான விடை ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.