பழைய எண்ணெய் எங்கே போயிற்று?

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950-இல் ஜெர்மனியில் தயாரிக்கத் தொடங்கிய வேனை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். எஞ்சின் பின்புறத்தில் இருக்கும். அதைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது. விசிறிக் காற்றும் எஞ்சின் எண்ணெயுமே அந்த வேலையைச் செய்தன. தொடக்ககால எஞ்சின்களில் காகித வடிகட்டியும் இல்லை. அடியில் ஒரு கம்பிவலைச் சல்லடை மட்டும்தான். ஆகவே 2.5 லிட்டர் எண்ணெயைச் சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். பலர் அதை வீட்டு வாசலிலேயே செய்துகொண்டார்கள்.

தரையில் சிந்தாமல் மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்ட வேண்டும். சூடேறிய எண்ணெய் இளகி, அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். அகலமான தட்டை அடியில் வைத்து, அடித்தகட்டின் நடுவிலுள்ள திருகை ஸ்பானரால் தளர்த்த வேண்டும். கடைசிச் சுற்றுகளைக் கையால் சுற்றும்போது திருகை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றிச் சட்டென்று விலக்கினால், எண்ணெய் முழங்கை வரை வழியாது. எல்லாம் வடிந்துவிட்டது என்று நம்பித் தட்டை நகர்த்திவிடாதீர்கள்! சல்லடையைக் கழுவ ஆறு நட்டுகளையும் கழற்றி அடித்தகட்டை எடுக்கும்போது, உள்ளே தேங்கிய மிச்சம் கொட்டும். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சரி, தரை சுத்தம். தட்டிலுள்ள கரிய எண்ணெயை என்ன செய்வது?

1963-இல் 'பாப்புலர் சயன்ஸ்' என்ற அமெரிக்க அறிவியல் மாத இதழ் இதற்கு ஒரு யோசனை சொன்னது. நிலத்தில் குழி தோண்டிப் பொடிக்கல் நிரப்புங்கள். எண்ணெயை அதில் ஊற்றுங்கள். அடுத்த முறை மாற்றுவதற்குள் மண் அதை உறிஞ்சிவிடும் என்றது. எழுதியவரைப் பழிப்பதற்கில்லை. மண் எதையும் செரித்துவிடும் என்று அன்று பலரும் எண்ணினார்கள். ஆனால் பயன்பட்ட எண்ணெயில் உலோகத் துகள்களும், எரிபொருளின் கரிக்கழிவுகளும், அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயமும் இருந்தன. கண்ணுக்கு மறைந்தவை அழிந்துவிடவில்லை. ஒரு வண்டியின் ஒரு முறை எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிடுகிறது.

புழுதியை அடக்க மண் சாலைகளில் பழைய எண்ணெயைத் தெளிக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. மிசௌரி மாநிலத்தில் மெராமெக் ஆற்றங்கரையிலுள்ள டைம்ஸ் பீச் என்ற சிற்றூரில் 1972 முதல் 1976 வரை அப்படித் தெளித்தார்கள். அந்த எண்ணெயில் ஒரு இரசாயனத் தொழிற்சாலையின் கழிவு கலந்திருந்தது. கழிவில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு. பார்வைக்கு அது வெறும் கருப்பு எண்ணெய். 1982 டிசம்பரில் மண் சோதனையின் முடிவு வெளியாயிற்று. அதே மாதம் ஆற்று வெள்ளமும் ஊருக்குள் புகுந்தது. 1983-இல் அரசே வீடுகளை விலைக்கு வாங்க முன்வந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். ஊர் இல்லாமற்போயிற்று. இன்று அங்கே ஒரு பூங்கா இருக்கிறது; இடித்த வீடுகள் அதில் புல் மூடிய மேட்டுக்குள் கிடக்கின்றன.

பயன்பட்ட எண்ணெய் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை, அழுக்காகிறது, அவ்வளவுதான். வாலை வடித்துச் சுத்திகரித்தால் மறுபடியும் எஞ்சினுக்குப் போகலாம். அதில் வேறெதுவும் கலக்காதிருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஆகையால் வடித்த எண்ணெயைச் சுத்திகரிப்புக்கு வாங்குவோரிடம் கொடுக்க எடுத்துவைக்கும்போது, பெயின்ட் டப்பாவையும் பூச்சிமருந்து டப்பாவையும் தொடாதீர்கள். புது எண்ணெய் வந்த டப்பாவே போதும், மூடியை இறுக்கிவிடுங்கள்.