முகமறியா வாங்குநர்: ஈயச் சந்தை தந்த பாடம்

பண்டத்தின் வரவையும் மக்களின் தேவையையும் விலை உள்ளவாறு காட்டும் என்ற நம்பிக்கையின் மீதே வணிகம் நடைபெறுகின்றது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் பட்டினப்பாலை, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்த அவர்தம் நடுவுநிலைமையையே அவர்களது சிறப்பாகக் கூறுகின்றது. ஆனால் பெருஞ்செல்வம் படைத்த ஒருவர் தம் முகத்தை மறைத்துக்கொண்டு சந்தையில் இறங்கி, தமக்குத் தேவையில்லாத பொருளை மலைபோல் வாங்கிக் குவித்தால், அச்சந்தையின் விலை எதனைக் காட்டும்? வாங்குபவரின் பணவலிமையை அன்றி வேறெதனையும் காட்டாது. இவ்வுண்மையை மலேசிய நாடு பெரும்பொருள் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1981, 1982 ஆம் ஆண்டுகளில் இலண்டன் ஈயச் சந்தையில் நிகழ்ந்தது அது.

ஈயமும் இலண்டனும்

வெள்ளீயம் மலேசியாவின் பழஞ்செல்வம். பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் ஈப்போ, கம்பார், கோப்பெங், பத்து காஜா முதலிய ஊர்கள் ஈயத்தாலேயே வளர்ந்தவை. மக்கள் பேச்சில் 'ஈயலம்பம்' என வழங்கிய சுரங்கங்களில் சீனர் பெருந்தொகையினராக உழைத்தனர். நீரில் மிதந்தவாறே மண்ணை வாரி ஈயத்தைப் பிரித்த பெருங்கப்பல்களில் மலாய்க்காரரும் தமிழரும் பணிபுரிந்தனர். 1981 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 டன் ஈயத்தை வெட்டியெடுத்த மலேசியா, அத்துறையில் உலகின் முதல் நாடாக விளங்கிற்று.

ஈயம் விளைந்த இடம் கிந்தாவாயினும், உலகம் நோக்கிய விலைப்பலகை இலண்டன் உலோகச் சந்தையிலேயே இருந்தது. அங்கு நடைபெற்ற வணிகத்தில் பெரும்பகுதி, மூன்று திங்களுக்குப் பின்னர்ச் சரக்கைத் தருவதாக இன்றே விலைபேசும் முன்பேர வணிகமாகும். கையில் சரக்கே இல்லாதவரும் இதில் விற்கலாம். விலை இறங்கும் என்று எதிர்பார்க்கும் தரகர் இன்று விற்றுவிட்டு, தவணை நாளில் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுத்து, இடைப்பட்ட தொகையை ஊதியமாகக் கொள்வார். மண்ணில் கால் வைக்காத இத்தகையோர் தம் நாட்டுப் பொருளின் விலையைத் தாழ்த்துகின்றனர் என்ற குறை, ஈயம் விளைவிக்கும் நாடுகளிடம் நெடுங்காலமாக இருந்து வந்தது. அக்குறை முற்றும் அடிப்படையற்றது என்று சொல்லுதற்கில்லை.

திடீர்க் கொள்முதல்

1981 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதலாக இலண்டன் சந்தையில் ஒரு புதுமை தோன்றியது. யாரோ ஒருவர் தரகர்களின் வாயிலாகப் பேரளவில் ஈயம் வாங்கத் தொடங்கினார். கையிருப்புச் சரக்கும் வாங்கப்பட்டது. முன்பேர ஒப்பந்தங்களும் வாங்கப்பட்டன. வாங்குபவர் பெயர் எவருக்கும் தெரியவில்லை. செய்தித்தாள்கள் 'மறைபொருளான வாங்குநர்' என்று எழுதின. மலேசியாவே அவர் என்ற ஐயம் வணிகரிடையே விரைவில் பரவியதாயினும், அரசிடமிருந்து ஒப்புதல் ஏதும் வரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 7 ஆம் நாள், இலண்டன் பங்குச் சந்தையில் கத்ரி நிறுவனத்தின் பங்குகளை மலேசிய அரசுசார் முதலீட்டு அமைப்பு சில மணி நேரத்தில் வாங்கி, அந்நிறுவனத்தையும் அதன் பரந்த தோட்டங்களையும் தன்வயப்படுத்திக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்த தோட்டங்கள் பல அவற்றுள் அடங்கும். ஒரே காலத்தில் ஒரே நகரத்தில் நடந்த இவ்விரண்டையும் மாணவர் ஒப்பிட்டு நோக்குதல் நன்று. கத்ரியை வாங்கியபோது விலை கொடுக்கப்பட்டது. நிலமும் மரமும் ஆலையும் கைக்கு வந்தன. ஈயத்தை வாங்கியபோது கைக்கு வந்தது, மீண்டும் விற்றால் மட்டுமே பயன்தரும் சரக்கு. அதனை உயர்ந்த விலைக்கு வாங்க மற்றொருவர் முன்வந்தாக வேண்டும்.

அம்மற்றொருவர், சரக்கின்றி விற்ற தரகரே எனத் திட்டமிடப்பட்டிருந்தது. கிடங்குகளில் உள்ள ஈயம் முழுவதையும் ஒருவரே பிடித்துவைத்துக்கொண்டால், தவணை நாளில் சரக்கைத் தரவேண்டிய தரகர்கள் அவரிடமே வந்து, அவர் கேட்ட விலையைக் கொடுத்தாக வேண்டும். விலை படிப்படியாக ஏறி, 1982 பிப்ரவரித் திங்களில் டன் ஒன்றுக்கு 9,000 பவுனை நெருங்கிற்று. பிந்திய தவணைச் சரக்கைவிட உடனடிச் சரக்கின் விலை மிகுந்திருந்தமை, சந்தை இறுக்கப்பட்டதற்கான அடையாளமாயிற்று.

கணக்குப் பிழைத்தது

இத்திட்டத்தில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. விலை உயர்ந்தால் சரக்கு ஓடிவரும் என்பது முதலாவது. உயர்ந்த விலையைக் கண்டு பல திசைகளிலிருந்தும் ஈயம் இலண்டனை நோக்கி வந்தது. போர்க்காலத் தேவைக்கென அமெரிக்க அரசு சேர்த்துவைத்திருந்த ஈயமும் விற்பனைக்கு வந்தது. விலையைத் தாங்கிப் பிடிக்க விரும்பிய வாங்குநர், வந்ததையெல்லாம் வாங்கவேண்டியவரானார். விளக்கின் ஒளியை நம்பி விட்டில்கள் வரும் என்று காத்திருந்தவர், எண்ணெய்க்கே கடன்பட்ட நிலை அது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. ஆட்டத்தின் விதிகளை எழுதும் உரிமை எதிர்த்தரப்பாரிடம் இருந்தது. தரகர்கள் நிறைந்த அச்சந்தையின் நிருவாகம், 1982 பிப்ரவரியில் விதியை மாற்றியது. சரக்கைத் தர இயலாதவர், வரையறுத்த தண்டத்தொகையைச் செலுத்திக் காலந்தாழ்த்தலாம் என்று அறிவித்தது. அன்றே பிடி தளர்ந்தது. கேட்ட விலையைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லாமற் போகவே, விலை சரிந்தது. உயர்ந்த விலைக்கு வாங்கிய ஈயக்குவியல் வாங்கியவர் தலையிலேயே விழுந்தது.

வெளிவந்த உண்மை

நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1986 ஆம் ஆண்டில், அக்கொள்முதலைச் செய்தது மலேசிய அரசின் சார்பில் இயங்கிய 'மாமின்கோ' என்னும் நிறுவனமே என்பதைப் பிரதமர் மகாதீர் முகம்மது ஒப்புக்கொண்டார். இரண்டே வெள்ளி மூலதனத்தில் பதிவு பெற்றது அந்நிறுவனம். அதன் வணிகமோ பூமிபுத்ரா வங்கியின் பெருங்கடனில் நடந்தது. இழப்பின் அளவு கணக்கிட்டவருக்கேற்ப வேறுபட்டதாயினும், அது பல நூறு மில்லியன் வெள்ளி என்பதில் ஐயமில்லை. அவ்விழப்பை ஈடுசெய்ய 1984 இல் 'மக்குவாசா' என்ற மற்றொரு நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. ஊழியர் சேமநிதி வாரியத்திற்கு ஒதுக்கப்பட்டிருந்த புதிய பங்குகள் அதன் கைக்கு மாற்றப்பட்டன. தோட்டத்திலும் ஆலையிலும் உழைப்போர் மாதந்தோறும் முதுமைக்கெனச் சேர்க்கும் நிதிக்கு உரிய வாய்ப்பு, இலண்டனில் விழுந்த குழியை நிரப்பப் பயன்பட்டது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் இதனைக் கடுமையாகக் கண்டித்தனர்.

சந்தையைத் தம் நலத்துக்கேற்ப ஆட்டிவைத்தவர்கள் இலண்டன் தரகர்களே. அதனை எதிர்க்கவே தாம் வாங்கியதாகவும், தோற்கும் நிலையில் அவர்கள் விதியை மாற்றி வஞ்சித்ததாகவும் மலேசியத் தரப்பு கூறியது. ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றுதல் அறமன்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மறைவில் விலையை வளைப்பவர் விதியின் பாதுகாப்பை நாடும் உரிமையைத் தாமே இழந்துவிடுகின்றார் என்பதும் மறுக்கவியலாதது. பிறர் செய்த வளைப்பு, தாம் செய்யும் வளைப்பை நேராக்கி விடாது.

வீழ்ச்சியும் விலைகொடுத்தோரும்

அதன்பின் விலையைத் தாங்கும் பொறுப்பு அனைத்துலக ஈயக் கழகத்தின் மேல் விழுந்தது. உறுப்பு நாடுகளின் ஏற்றுமதியை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைத்தும், கடன் வாங்கி ஈயத்தைக் குவித்தும் அக்கழகம் விலையை நிறுத்த முயன்றது. ஆனால் கழகத்தில் சேராத பிரேசில் ஈயத்தை மிகுதியாக வெட்டியெடுத்தது. பானக் குவளைகளில் தகரத்தின் இடத்தை அலுமினியம் பிடித்துக்கொண்டது. 1985 அக்டோபர் 24 ஆம் நாள், கையில் பணமில்லை என்று கழகம் அறிவித்தது. ஏறத்தாழ 90 கோடி பவுன் கடன் வெளிப்பட்டது. இலண்டனில் ஈய வணிகம் நின்றது. அங்கு மீண்டும் தொடங்க 1989 வரை காத்திருக்க நேர்ந்தது. டன் ஒன்றுக்கு 8,000 பவுனுக்கு மேல் நின்ற விலை, அடுத்த ஆண்டில் பாதிக்கும் கீழே சென்றது.

கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நாட்டின் ஈய உற்பத்தி, 1981 இல் இருந்ததில் ஏறத்தாழ பாதியாகச் சில ஆண்டுகளிலேயே சுருங்கிற்று. விலைப்பலகையை ஒருநாளும் கண்டிராத தொழிலாளர் வேலையிழந்தனர். நீர் தேங்கிய பழஞ்சுரங்கக் குட்டைகள் எஞ்சின. இவ்வீழ்ச்சி முழுவதற்கும் மாமின்கோவே காரணம் என்பது மிகையாகும். ஆயினும் செயற்கையாக ஏற்றிய விலை நெடுநாள் நில்லாது என்ற எச்சரிக்கையை அது முன்னரே தந்திருந்தது; அதனை எவரும் செவிமடுக்கவில்லை.

மின்னணு நாணயத்திலும் அதே கதை

இது பழைய உலோகத்தின் கதை என்று ஒதுக்கிவிடலாகாது. 2013 ஆம் ஆண்டின் இறுதியில், பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தின் விலை இரண்டே திங்களில் ஏறத்தாழ 150 டாலரிலிருந்து 1,000 டாலருக்கு மேல் உயர்ந்தது. அந்நாளில் அதன் பெருஞ்சந்தை, தோக்கியோ நகரிலிருந்து இயங்கிய மவுண்ட் காக்ஸ். அங்கு இடைவிடாமல் வாங்கிக்கொண்டேயிருந்த சில கணக்குகளைப் பின்னர் ஆய்ந்த பொருளியல் அறிஞர்கள், ஏறத்தாழ 6,00,000 பிட்காயின்கள் முறைகேடாகப் பெறப்பட்டன என்றும், விலையேற்றத்திற்கு அக்கொள்முதலே காரணமாயிருத்தல் கூடும் என்றும் 2018 இல் எழுதினர். 2014 பிப்ரவரியில் அச்சந்தை மூடப்பட்டது. பொருள் சேர்த்திருந்தோர் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இலண்டனில் கடன்பணமேனும் கைமாறியது. தோக்கியோவில் ஐயத்திற்குரிய கணக்குகள் பணமே செலுத்தாமல் வாங்கின. மற்றவகையில் இரண்டும் ஒன்றே. பேரளவான கொள்முதலைக் கண்டவர், உள்ளறிந்த ஒருவர் வாங்குகின்றார் என எண்ணிப் பின்தொடர்ந்தனர். விலை ஏறியதே அவ்வெண்ணத்திற்குச் சான்றாயிற்று. ஏற்றிய கை ஓய்ந்தபோது, பின்தொடர்ந்தவர் ஏமாந்தனர்.

தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். ஈயமாயினும் மின்னணுக் காசாயினும், வாங்குபவர் யார், எதற்காக வாங்குகின்றார் என்பது மறைக்கப்படும்போது, முதற்பொருளைக் காக்க இரண்டாம் பொருள் அங்கே இருப்பதில்லை. விலை ஏறுவதைக் காணும் இளைஞர் 'எவ்வளவு ஏறிற்று' என்று கேட்பதோடு நில்லாது, 'யார் ஏற்றினர்' என்றும் கேட்கப் பழகுவாராயின், கிந்தா பள்ளத்தாக்கு கொடுத்த விலை முற்றும் வீணாகாது.